சேலையைப் பிடித்த கை

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

நான் ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை. வயது 47. பள்ளி திறந்து இரண்டு வாரம்தான் ஆகிறது, அதற்குள் ஒரு வருடம் ஓடியதுபோல் இருக்கிறது. ஐந்து வகுப்பு, 38 பிள்ளைகள், இரண்டே டீச்சர். காலையில் போனதும் துறையின் ஆன்லைன் பதிவான எமிஸில் வருகைப் பதிவு. எங்கள் பள்ளியில் வேப்பமரத்தடியில்தான் சிக்னல் கிடைக்கும். பதிவு ஏறுவதற்குள் முதல் பாடவேளையே போய்விடுகிறது. நோட்டு, சீருடை எடுத்துவர ஆட்டோ வாடகை என் கையிலிருந்து. சேர்க்கைக்காக வீடு வீடாகப் போனால், "வேன் வருமா டீச்சர்?" என்கிறார்கள். ஒன்றாம் வகுப்பில் 6 பேர்தான் சேர்ந்தார்கள். கூட்டத்தில் என்னைத்தான் எழுப்பிக் கேள்வி கேட்கிறார்கள்.

கூட இருக்கும் டீச்சர் சின்னப் பெண். எமிஸை நான் பார்க்கிறேன் என்றாள். தப்பானால் பதில் சொல்வது நான்தானே என்று நானே வைத்துக்கொண்டேன். கணவரோ, "ஒரு மாசம் லீவுல இருந்துட்டு இப்ப என்ன அலுப்பு?" என்கிறார். லீவிலும் சேர்க்கைக்கு அலைந்தது அவருக்குத் தெரியாதா?

அன்றைக்கு மரத்தடியில் நிற்கும்போது, புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்று அழுதுகொண்டே வந்து சேலையைப் பிடித்தது. கையைத் தட்டிவிட்டேன். நல்லவேளை, அழுகையும் நின்றது, அப்புறம் தொந்தரவே இல்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. முன்பெல்லாம் அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் போர்டில் எழுதுவேன். அது கிடக்கட்டும். ஞாயிறு சாயங்காலம் ஆனாலே நெஞ்சை அடைக்கிறது. சிக்னல் இல்லாத ஊருக்கு எதற்கு இத்தனை ஆன்லைன் வேலை? இதை யாரிடம் சொல்வது?

ஒரு தலைமையாசிரியை

*

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் குறைகள் அத்தனையும் நியாயமானவை. ஆனால் "அது கிடக்கட்டும்" என்று தாண்டிப்போன இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை.

அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தியவர் நீங்கள். அந்தக் கைதான் இன்னொரு பிஞ்சுக் கையைத் தட்டிவிட்டது. அதைவிட, "ஒன்றும் தோன்றவில்லை" என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. மனம் வேலையால் தேய்ந்துபோவதை 2019-ல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. அது நோயல்ல, ஓயாத வேலை நெருக்கடியின் விளைவு என்றே சொல்கிறது. உடலும் மனமும் ஓய்ந்துபோவது, செய்கிற வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, 'என்னால் என்ன ஆகப்போகிறது' என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். நடுவில் இருப்பதுதான் உங்களை மரத்தடியில் தொட்டிருக்கிறது. நீங்கள் கல்நெஞ்சக்காரி ஆகிவிடவில்லை. அப்படி ஆகியிருந்தால் அந்தச் சம்பவத்தை எழுதியே இருக்க மாட்டீர்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பிள்ளையின் அழுகை நின்றது நல்லவேளை அல்ல. வீட்டை விட்டு முதன்முதலாக வந்த ஐந்து வயதுப் பிள்ளை, இங்கே பிடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று நினைத்தாலும் அழுகையை நிறுத்திவிடும். அடம்பிடித்து அழுகிற பிள்ளையைவிட, சத்தமில்லாமல் மூலையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். இது எனக்குத் தெரிவதைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கூட வேலை பார்க்கும் பெண் விஷயத்திலும் நான் அவள் பக்கம்தான். பாரத்தில் பாதியைக் கேட்டு வந்தவளை அனுப்பிவிட்டு, பாரம் தாங்கவில்லை என்கிறீர்கள். அவள் பதிவில் ஒரு பெயர் தப்பினால் திருத்திக்கொள்ளலாம். ஒன்றாம் வகுப்பின் முதல் மாதம் போனால் போனதுதான். நாளைக்கே போனை அவள் கையில் கொடுங்கள். ஆட்டோ வாடகை, சிக்னல் பிரச்சினையை எழுத்தில் மேலிடத்துக்குக் கொடுங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேசுங்கள். அது துறை தீர்க்க வேண்டியது, உங்கள் பொறுமையால் தீராது.

நெஞ்சடைப்பை மனசுதான் காரணம் என்று விட்டுவிடாதீர்கள். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். மனம்விட்டுப் பேச அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 இருக்கிறது. எந்த நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். கணவரிடமும் ஆட்டோ வாடகையைச் சொல்லாமல் இந்த மரத்தடிக் கதையைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வது அலுப்பு என்றுதான் அவர் இதுவரை நினைத்திருக்கிறார்.

திங்கட்கிழமை மணி அடித்ததும் அந்தப் பிள்ளையின் பக்கத்தில், தரையில், பத்து நிமிடம் உட்காருங்கள். பாடம் வேண்டாம். உங்கள் கடிதத்தில் 38, 6 என்று எண்கள் இருக்கின்றன, அதன் பெயர் இல்லை. அடுத்த கடிதத்தில் பெயரையும், அது என்ன பேசியது என்பதையும் எழுதுங்கள். காத்திருப்பேன்.