லெகோ கட்டைகளால் பொம்மைத் துப்பாக்கி செய்பவர்கள் வன்முறையை ரசிப்பவர்களா?

உங்களுக்கு நெருங்கிய ஒருவர் இரவு நெடுநேரம் கட்டைகளோடு உட்கார்ந்திருக்கிறார் என்றும், அவர் கையில் துப்பாக்கி உருவாவதைக் கண்டு நீங்கள் கலங்கியிருக்கிறீர்கள் என்றும் எண்ணுகிறேன். பல ஆண்டுகளாக இதைச் செய்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவரை ஈர்ப்பது பெரும்பாலும் சுடுவதன்று, விசைக்குப் பின்னால் இயங்கும் பொறியமைப்பே.

என் முதல் ரப்பர் பேண்ட் துப்பாக்கியில், நான்கு கைகள் கொண்ட சுழலியில் நான்கு பேண்டுகளை மாட்டியிருந்தேன். விசையை ஒருமுறை இழுத்தால் சுழலி கால் சுற்று திரும்பி ஒரு பேண்டை மட்டும் விடவேண்டும். ஆனால் இரண்டு, சில வேளை நான்குமே ஒருசேரப் பறந்தன. தடுப்புக் கொக்கி திரும்பி வருவதற்குள் அடுத்த கையும் அதைக் கடந்துவிடுகிறது என்று கண்டறிய எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. ஊசல் கடிகாரத்தில் உள்ளதுபோல, ஒரு முனை விடுவிக்கும்போதே மறுமுனை பிடித்துக்கொள்ளும் இரட்டைக் கொக்கியை அமைத்த பிறகுதான் அது சீரானது. அதைப் பொருத்துவதும் எளிதாக இல்லை. கட்டையின் உயரம் 9.6 மி.மீ., அதன் மேலுள்ள குமிழ்களின் இடைவெளியோ 8 மி.மீ.; சட்டத்தின் துளைகளும் அதே 8 மி.மீ. இடைவெளியில்தான் இருக்கும். ஆகையால் நிறுத்திவைத்த சட்டத்தின் துளைகள், அடுக்கிய கட்டைகளின் துளைகளோடு சேரவில்லை. இடையே 3.2 மி.மீ. உயரமுள்ள மெல்லிய தட்டுகள் இரண்டைச் செருகியதும் கட்டையோடு சேர்த்து மொத்தம் 16 மி.மீ., அதாவது எட்டின் இருமடங்கு ஆகி, துளைகள் நேர்ப்பட்டன.

ஆபத்தே இல்லை என்று நான் வாதிடவில்லை. ரப்பர் பேண்ட் கண்ணில் பட்டால் காயம் ஏற்படும்; ஆகவே எவர் முகத்தையும் நோக்கி நான் குறிவைப்பதில்லை. உண்மைத் துப்பாக்கி என்று எவரும் மயங்கிவிடாதபடி பளிச்சென்ற நிறக் கட்டைகளையே பயன்படுத்துகிறேன். இன்றைய போர்க்கருவிகளை அப்படியே காட்டும் தொகுப்புகளை லெகோ நிறுவனம் தவிர்த்து வருவதையும் மதிக்கிறேன். ஆயினும் அதே நிறுவனம் 1978இல் வெளியிட்ட கோட்டைத் தொகுப்பின் வீரர்களிடம் வாளும் ஈட்டியும் இருந்தன. அதை எவரும் வன்முறை என்று ஒதுக்கிவிடவில்லை.

இன்றும் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. ஒரு கண்காட்சியில் என் படைப்பை மேசையிலிருந்து எடுக்கச் சொன்னவர்கள், அதன் பக்கப் பலகையைத் திறந்து பார்க்கக்கூட விரும்பவில்லை. நீங்களாவது உங்கள் நண்பரிடம் அதைத் திறந்து காட்டச் சொல்லி, விசையை மெதுவாக இழுத்துப் பாருங்கள்.