பேட்ச் போட்டாச்சு, ஓட்டை மட்டும் அடையவில்லையே?

கேள்வி: லினக்ஸ் சர்வரில் ஒரு மென்பொருளைச் சோர்ஸில் (மூல நிரலில்) இருந்து கம்பைல் செய்து வைத்திருக்கிறேன். பாதுகாப்பு ஓட்டைக்கு வந்த பேட்சை (சோர்ஸில் செய்ய வேண்டிய திருத்தங்கள் உள்ள கோப்பை) போட்டேன், எரர் எதுவும் வரவில்லை. ஆனாலும் ஸ்கேன் செய்தால் ஓட்டை அப்படியே இருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: தப்பில்லை, பாதியில் நிறுத்திவிட்டீர்கள். பேட்ச் கட்டளை தொடுவது சோர்ஸ் கோப்புகளை மட்டும்தான், ஏற்கெனவே நிறுவியிருக்கும் பைனரிக்கு (கம்பைல் ஆகி ஓடும் கோப்புக்கு) இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. அதனால் மறுபடி கம்பைல் செய்ய 'மேக்', அப்புறம் நிறுவ ரூட்டாக (நிர்வாகியாக) 'மேக் இன்ஸ்டால்'. கம்பைலுக்கு முன் அமைப்புகளைத் தீர்மானிக்கும் கான்ஃபிகரை மறுபடி ஓட்ட வேண்டியிருந்தால் முதல்முறை கொடுத்த அதே ஆப்ஷன்களைக் கொடுங்கள். மறந்துவிட்டதா? அந்தக் கான்ஃபிகர் ஆட்டோகான்ஃப் என்ற கருவி உருவாக்கியது என்றால் கான்ஃபிக்.லாக் கோப்பின் ஆரம்பத்திலேயே அன்று நீங்கள் அடித்த கட்டளை முழுசாக இருக்கும்.

இதோடும் முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் டீமன் (பின்னணிச் சேவை) பழைய நிரலையே மெமரியில் வைத்திருக்கும், ரீஸ்டார்ட் செய்தால்தான் விடும். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க லைப்ரரியில் இருந்த ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது, அதை அடைத்த 1.0.1ஜி வெர்ஷனை நிறுவிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனவர்களில் நானும் ஒருவன். திரும்பி வந்து, திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் அடித்துப் பார்த்தால் அந்த லைப்ரரிக்கு நேராக 'டிஈஎல்' என்று நிற்கிறது, அதாவது டிஸ்கில் அழிந்துபோன பழைய கோப்பை வெப்சர்வர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது!

கேள்வி: எனக்குப் பேட்சே ஏறவில்லை. 'ஹங்க் ஃபெயில்டு' என்கிறது.

பதில்: ஹங்க் என்பது பேட்சில் உள்ள ஒரு திருத்தத் துண்டு, அது பொருந்தவில்லை என்கிறது. அநேகமாக வேறு வெர்ஷனுக்கான பேட்ச், அல்லது இதற்கு முந்தைய பேட்சைப் போடாமல் விட்டிருப்பீர்கள். லாரி வால் என்ற நிரலாளர் 1985இல் எழுதிய இந்தப் பேட்ச் நிரல் வரி எண்ணை மட்டும் நம்பாது, மாற்றத்துக்கு மேலும் கீழும் உள்ள சில வரிகளை ஒப்பிட்டு இடம் தேடும். இடம் தள்ளியிருந்தால் 'ஆஃப்செட்', அக்கம்பக்க வரிகள் சற்று மாறியிருந்தால் 'ஃபஸ்' என்று சொல்லிவிட்டுப் போட்டுவிடும் (ஃபஸ் வந்தால் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்). ஒன்றுமே பொருந்தாத துண்டை .ரெஜ் கோப்பில் ஒதுக்கிவைக்கும், அதைத் திறந்து கையால் சேர்க்கலாம்.

எந்தக் கோப்பு என்றே கேட்டு நின்றால் சிக்கல் வேறு: பேட்சுக்குள் பாதை 'ஏ/' என்று தொடங்கினால், அந்த முதல் பகுதியை விட்டுவிடச் சொல்லும் மைனஸ் பி1 ஆப்ஷனைக் கொடுக்க வேண்டும். எதற்கும் முதலில், கோப்பை மாற்றாமல் சோதித்துக் காட்டும் ட்ரை-ரன் போட்டுப் பாருங்கள். 'ஏற்கெனவே போட்ட பேட்ச் போலிருக்கிறதே, திருப்பிப் போடவா' என்ற பொருளில் கேட்டால் அவசரத்தில் 'ஒய்' தட்டாதீர்கள், போட்ட திருத்தத்தைக் கழற்றிவிடும்.