பில்லில் இல்லாத 150 வருடம்

கேள்வி: பதினாறு மாதங்களுக்கு முன் ஆறு லட்சம் ரூபாய்க்கு ஒரு தஞ்சாவூர் ஓவியம் வாங்கினேன். 150 வருடப் பழமையானது என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்த ஓவியர் ஒருவர், ஃபிரேம்தான் பழசு, படம் புதுசு என்கிறார். கேட்கப் போனால் கடைக்காரர் அவமானப்படுத்துகிறார். உறவினர்கள் சிரிக்கிறார்கள். அவரை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டும்.

பதில்: அவமானத்தையும் உறவினர்களையும் விடுங்கள். அவை வழக்கில் வராது. ஜெயிலும் சுலபமில்லை. விற்கும்போதே புதுசு என்று அவருக்குத் தெரியும் என்பதை நிரூபிக்க வேண்டும். ‘எனக்கு விற்றவர் அப்படித்தான் சொன்னார்’ என்று அவர் கைகழுவிவிடுவார்.

உங்கள் பில்லில் ‘தஞ்சாவூர் ஓவியம் – 1’ என்றுதான் இருக்கிறது. வயது இல்லை. அவர் வாட்ஸ்அப்பில் ‘150 வருடம்’ என்று அனுப்பிய செய்திதான் உங்கள் வழக்கே. அந்தப் போனை மாற்றாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கு வேண்டிய, பாரதிய சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுச் சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்ய வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடம்தான் கெடு, எட்டு மாதம் மீதி.

அப்புறம், படத்தைத் தொடாதீர்கள். என்னிடம் வருபவர்கள் வழக்கைத் தொலைப்பது இங்கேதான். டைட்டானியம் வெள்ளை என்ற பெயிண்ட் நிறமி 1920ஐ ஒட்டித்தான் சந்தைக்கு வந்தது. 150 வருடப் படத்தில் அது இருக்க முடியாது. ஆய்வில் அது அகப்பட்டால் உங்கள் பக்கம் பலம். ஆனால் இடையில் ஒருமுறை சுத்தம் செய்யவோ ‘டச்சப்’ பண்ணவோ கொடுத்திருந்தால், அந்த வெள்ளை அப்போது ஏறியது என்பார் கடைக்காரர், உங்களிடம் பதில் இருக்காது. ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்று கடைக்காரரே கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஓவியரின் வாய்ச்சொல் போதாது. ஆணையம் வழியாகவே ஆய்வகத்துக்கு அனுப்பக் கேளுங்கள்.

இதைவிட ஆழமான பள்ளம் ஒன்று உண்டு. ‘பழசே என்று வைத்துக்கொண்டாலும் விலை அதிகம்’ என்று மனுவில் ஒரு வரி சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள். நூறு வருடம் கடந்த ஓவியம் 1972 தொல்பொருள் சட்டத்தில் வந்துவிடும், பதிவு செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு, படமும் பறிமுதலாகலாம். வழக்குப் போட்டவரே குற்றவாளி ஆகிவிடுவார்.

அதே சட்டம் கடைக்காரரையும் இடிக்கும். பழசு என்று சாதித்தால் தொல்பொருள் விற்க உரிமம் எங்கே என்ற கேள்வி வரும். புதுசு என்றால் பணத்தைத் திருப்ப வேண்டும். நோட்டீஸ் போனாலே அவர் வக்கீல் இதைக் கவனித்துவிடுவார். அதற்காக ‘பணம் தராவிட்டால் போலீஸ்’ என்று நீங்கள் எழுதிவிடாதீர்கள். மிரட்டிப் பணம் பறிக்கிறார் என்று உங்கள் மேலேயே புகார் வரும்.

ஐந்து லட்சம் தருகிறேன் என்று இறங்கி வந்தால் சரி என்று முடித்துக்கொள்ளுங்கள். எழுத்தில் வாங்குங்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகே படத்தை ஒப்படையுங்கள்.