வீட்டைச் சுத்தம் செய்யும்போது தூசியும் பூஞ்சையும் மூச்சுக்குள் போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

மாஸ்க் போட்டுக்கொண்டுதான் சுத்தம் செய்கிறேன், ஆனாலும் அன்று ராத்திரி முழுக்கத் தும்மல், மறுநாள் இருமல், சுவரில் வேறு கருப்பாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது, அதைத் தொடவே பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே தூசி ஒத்துக்கொள்ளாது, வீசிங் உண்டு. ஆனாலும் வீட்டைச் சுத்தம் செய்யாமல் இருக்க முடியாதே. அதனால் நான் என்ன செய்கிறேனோ அதையே காரணத்தோடு சொல்கிறேன்.

மாஸ்க் எல்லாம் அப்புறம்தான். தூசியைக் கிளப்பாமல் இருக்கப் பாருங்கள், முதல் வேலை அதுதான். அலமாரி மேல் படிந்து கிடக்கிற தூசி அதுபாட்டுக்குக் கிடக்கும். காய்ந்த துணியால் படபடவென்று தட்டும்போதும், துடைப்பத்தை வேகமாக வீசும்போதும்தான் அது நம் மூக்குக்கு வருகிறது. அப்படிக் கிளம்புவதில் கண்ணுக்குத் தெரிகிற பெரிய துகள்கள் சீக்கிரமே கீழே விழுந்துவிடும், மூக்கிலேயே பெரும்பாலும் சிக்கிக்கொள்ளும். தொல்லை சின்னதில்தான். 10 மைக்ரான் அளவுள்ள துகள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முகத்தின் உயரத்திலிருந்து தரைக்கு வர ஏறக்குறைய 8 நிமிடம் எடுத்துக்கொள்ளும். 1 மைக்ரான் துகளுக்கோ, காற்றே அசையாவிட்டாலும் 12 மணி நேரம் போல ஆகும். நுரையீரலின் அடிவரை போகிறவை இந்த மாதிரிச் சின்னத் துகள்கள்தான். துடைப்பத்தைக் கீழே வைத்ததும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே அறையில் உட்கார்ந்து இளைப்பாறினால், அவ்வளவு நேரம் மாஸ்க் போட்டதில் பாதிப் பலன் போய்விடும். உங்கள் ராத்திரித் தும்மலுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொன்று தலைமுடி, அதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, கிளப்பாமல் எப்படி? ஈரத்துணிதான். சொட்டச் சொட்ட வேண்டாம், நன்றாகப் பிழிந்து நாலாக மடித்து, ஒரு பக்கம் அழுக்கானதும் அடுத்த பக்கத்தைத் திருப்பி, மெதுவாக இழுத்துத் துடைக்க வேண்டும், தேய்க்கவோ தட்டவோ கூடாது. மேலிருந்து கீழே வாருங்கள், தரை கடைசி. சீலிங் ஃபேனுக்கு ஒரு வழி இருக்கிறது: ஒரு பழைய தலையணை உறையின் உட்புறத்தை லேசாக ஈரமாக்கி, இறக்கை முழுவதும் உள்ளே போகிற மாதிரி மாட்டி, மேலும் கீழும் அழுத்திப் பிடித்தபடி மெல்ல வெளியே இழுங்கள். இறக்கை மேல் தடியாக உட்கார்ந்திருந்த அழுக்கு அப்படியே உறைக்குள் விழும், தலைமேல் ஒன்றும் கொட்டாது. ஃபேன் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

திரைச்சீலை, படுக்கை விரிப்பு இதையெல்லாம் ஜன்னலில் நின்று உதறாதீர்கள். உட்பக்கமாகச் சுருட்டி நேரே துவைக்கப் போட்டுவிடுங்கள். மெத்தையிலும் விரிப்பிலும் இருக்கிற தூசிப்பூச்சி கண்ணுக்குத் தெரியாது, அலர்ஜி வருவது பெரும்பாலும் அதன் எச்சத்தால். துணி தாங்குமென்றால் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் பூச்சியும் சாகும், எச்சமும் கழுவிக்கொண்டு போகும். வாக்குவம் க்ளீனர் வைத்திருப்பவர்கள் அதில் ஹெப்பா ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள். 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தை அது பிடிக்கும். சாதாரண ஃபில்டர் என்றால் முன்னால் உறிஞ்சுகிற நுண்தூசியில் ஒரு பங்கைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே விட்டுவிடும், வேலை செய்கிறவருக்கு அது நல்லதில்லை.

இப்போது மாஸ்க். துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் பக்கவாட்டில் இடைவெளி விடும், மூச்சை இழுக்கும்போது காற்று அந்த வழியாகத்தான் வரும், ஏனென்றால் அதுதான் சுலபமான வழி. தூசிக்கும் பூஞ்சைக்கும் என்95 வேண்டும், சரியாகப் பொருந்தினால் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கும். எஃப்எஃப்பி2 (இதே மாதிரி மாஸ்க்குக்கு ஐரோப்பாவில் போடுகிற தர முத்திரை) என்று போட்டிருந்தால் அது 94 சதவீதம், அதுவும் போதும். மேல் பட்டை உச்சந்தலைக்குக் கொஞ்சம் பின்னால், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே கழுத்தைச் சுற்றி. மூக்கின் மேல் வருகிற கம்பியை ஒரு கையால் கிள்ளாமல், இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து கன்னம் வரை அழுத்திக்கொண்டே போங்கள். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் மாஸ்க்கை மூடிப் பலமாக மூச்சு விடுங்கள், கண் பக்கமோ கன்னத்திலோ காற்று பட்டால் இன்னும் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். தாடி இருந்தால் எந்த மாஸ்க்கும் ஒட்டி உட்காராது.

கண்ணுக்கு, பக்கத்தில் துளை இல்லாத மூடிய காகிள்ஸ். சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது. முழங்கைக்குப் பாதிவரை வருகிற ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, தலையைச் சுற்றி ஒரு துணி. முடித்ததும் தலைக்குக் குளித்துவிடுங்கள். சும்மா கை கால் கழுவிக்கொண்டு படுத்தால் முடியில் தங்கிய தூசி தலையணைக்கு வரும், ராத்திரி முழுக்க முகத்தை அதில் வைத்துக்கொண்டு தூங்குவோம். போட்டிருந்த உடையைப் படுக்கையறைக்குக் கொண்டுபோகாமல் தனியாகத் துவைக்கப் போடுங்கள்.

பூஞ்சைக்கு வருவோம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு அளவு சொல்கிறது: பூஞ்சை பிடித்த இடம் மொத்தம் 10 சதுர அடிக்குள், அதாவது ஏறக்குறைய மூன்றடிக்கு மூன்றடி இருந்தால் பொதுவாக நாமே செய்துகொள்ளலாம், அதைவிடப் பெரிதென்றால் தெரிந்த ஆளை வைத்துச் செய்வது நல்லது. இது எனக்கு நியாயமாகவே படுகிறது. பூஞ்சையைக் காய்ந்தபடி பிரஷ்ஷால் சுரண்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். சுவரில் அது சின்னக் கரும்புள்ளிகளாகத் தெரியும், பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தப் புள்ளிகள் மேல் மெல்லிய பொடி போர்த்தியிருப்பது தெரியும், அந்தப் பொடிதான் வித்துகள், பூஞ்சை பரவுவதே இவற்றால்தான். ஊதினாலே கிளம்பும்.

அந்த அறையிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவைச் சாத்தி, வெளிப்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஃபேன் போடக் கூடாது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியைப் புள்ளிகள் மேல் ஒட்டவைத்துச் சில நிமிடம் விடுங்கள், பொடி ஈரத்தில் அமுங்கிவிடும். அப்புறம் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள், நடுவிலிருந்து வெளியே துடைத்தால் இல்லாத இடத்துக்கும் பரப்பிவிடுவோம். துடைத்த துணியை அந்த அறையிலேயே பையில் போட்டுக் கட்டிவிட்டு வெளியே எடுத்துப் போங்கள்.

எல்லோரும் உடனே ப்ளீச்சைத் தேடுகிறார்கள். டைல்ஸ் மாதிரி வழவழப்பான இடத்துக்கு அது வேலை செய்யும், ஆனால் செத்த பூஞ்சையும் அலர்ஜி கொடுக்கும் என்பதால் அதைத் துடைத்து அப்புறப்படுத்துவதில்தான் விஷயமே இருக்கிறது. ப்ளீச் போட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு காலனுக்கு, அதாவது சுமார் 3.8 லிட்டர் தண்ணீருக்கு, ஒரு கப்புக்கு மேல் வேண்டாம். அதோடு கழிவறை ஆசிட்டையோ வினிகரையோ கலந்தால் குளோரின் வாயு வரும், அமோனியா உள்ள க்ளீனரைக் கலந்தால் குளோரமின் வாயு வரும், இரண்டுமே மூச்சை அடைத்துவிடும். நீங்கள் போட்டிருக்கிற என்95 துகளைத்தான் தடுக்கும், வாயுவை ஒன்றும் செய்யாது. இது தெரியாமல் மூடிய குளியலறைக்குள் மாஸ்க்கை நம்பி நிற்பவர்களை நினைத்தால் உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

ஊறிப்போன மெத்தை, அட்டைப்பெட்டி, ஜிப்சம் பலகை இவற்றில் பூஞ்சை உள்ளே வரை இறங்கியிருக்கும், தூக்கிப் போடுவதுதான் வழி. பூஞ்சை மேலேயே பெயின்ட் அடித்து மூடினாலும் உரிந்துகொண்டு வரும். கசிவை அடைக்காவிட்டால் எவ்வளவு துடைத்தாலும் திரும்ப வரும். நனைந்த இடத்தை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட்டால் பெரும்பாலும் பிடிக்கவே பிடிக்காது. வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும், 30 முதல் 50 வரை என்றால் இன்னும் நல்லது.

பரணில் எலிப் புழுக்கை கிடந்தால் பெருக்க வேண்டாம், கிருமிநாசினி தெளித்து 5 நிமிடமாவது ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள். ரொம்பப் பழைய பெயின்ட்டை உலர உரசாதீர்கள், ஈயம் இருக்கலாம்.

ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் பூஞ்சை வேலையை இன்னொருவரிடம் விட்டுவிட வேண்டும், அந்த நேரம் அறையிலும் இருக்கக் கூடாது. நானும் தூசி வேலை மட்டும்தான் செய்வேன், பூஞ்சையை வீட்டில் வேறு ஒருவர் பார்த்துக்கொள்வார். தூசி வேலைக்கும் இன்ஹேலர் சட்டைப்பையில் இருக்கும், நெஞ்சு இறுகுகிற மாதிரி இருந்தால் அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவேன். உங்கள் இருமல் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சுத்தம் செய்த நாலு முதல் எட்டு மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் மூச்சு வாங்கலும் வந்தாலோ டாக்டரைப் பாருங்கள். பூஞ்சையைத் தொட்டதை அவரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் பார்ப்பதற்குச் சாதாரண ஃப்ளூ மாதிரியேதான் இருக்கும்.