பேரை விடுங்கள், கம்பெனியைக் கேளுங்கள்

திருவட்டாரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அப்பாவுக்கு 78 வயது. 16 மெட்ராஸ் பட்டாலியனில் இருந்து 1971 பாகிஸ்தான் சண்டைக்குப் போனவர். டிசம்பர் வந்தால், அவர் சண்டை போட்ட பசந்தர் ஆற்றங்கரைப் பேச்சுதான். கூட இருந்த இரண்டு பேரைச் சாவதற்குள் பார்க்க வேண்டும் என்கிறார். ஒருவர் கருங்கல் பக்கம், தங்கப்பன். இன்னொருவர் நெய்யாற்றின்கரைக்காரர், எல்லாரும் 'ஆசான்' என்றே கூப்பிடுவார்களாம், சொந்தப் பேர் நினைவில்லை. ஊரில் விசாரித்தும் பேஸ்புக்கில் தேடியும் கிடைக்கவில்லை. யாரிடம் கேட்பது?"

சகோதரி, நான் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து வந்தவன், காகிதத்தோடுதான் என் சர்வீஸ் முழுக்கப் போனது, அதனால் உறுதியாகச் சொல்கிறேன்: தங்கப்பன் என்ற பேரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ஆள் கிடைக்க மாட்டார். நம் கன்னியாகுமரி ஜில்லாவில் அந்த வயதில் எத்தனை தங்கப்பன்! போதாததற்கு, ஆளெடுக்கும்போது கிளார்க் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதியதுதான் கடைசிவரை ரெக்கார்டில் நிற்கும். ஊரில் வீட்டுப் பேர் சொல்லி அறியப்படுகிற மனிதர் அங்கே வேறு யாரோ போல இருப்பார். பட்டாளம் ஒருவரை அறிவது சர்வீஸ் நம்பரை வைத்து, பட்டாலியனை வைத்து, அந்தப் பட்டாலியனுக்குள் அவர் இருந்த பிரிவான கம்பெனியை வைத்து.

அதனால் முதலில் அப்பாவின் நம்பரை எடுங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கும். அது தொலைந்திருந்தால் பென்ஷன் ஆர்டர், அதுவும் இல்லையென்றால் கட்டிலுக்கு அடியில் அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டி கிடக்கிறதா பாருங்கள், மூடியில் வெள்ளை பெயின்டில் நம்பரும் பேரும் எழுதியிருப்பார்கள். மெடலிலும் பொறித்திருக்கும். (மேற்கு முனையில் நின்றவர் என்பதால் பஸ்சிமி ஸ்டார் என்ற மெடல் இருக்க வேண்டும்.) அப்பா நம்பர் எதற்கு என்று கேட்பீர்கள். ஒரே சமயத்தில் ரெக்ரூட்டாகச் சேர்ந்தவர்களுக்கு நம்பர் கிட்டக் கிட்டத்தான் விழும். தங்கப்பன் அப்பாவோடு ஒரே பேட்சில் வெலிங்டனில் டிரெய்னிங் எடுத்தவர் என்றால், தேடுகிறவருக்குப் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் அப்பாவோடு உட்காருங்கள், ஒரே நாளில் எல்லாம் கேட்காதீர்கள். எந்தக் கம்பெனி, அதற்குள் எந்த பிளட்டூன், கம்பெனி கமாண்டர் யார், சூபேதார் எந்த ஊர், லீவுக்கு ரயிலில் யாரோடு வந்தார், யார் கல்யாணத்துக்கு எந்த ஊருக்குப் போனார். "அவர் பேர் என்ன?" என்று நேராகக் கேட்டால் முட்டி நிற்கிற நினைவு, லங்கரில், அதாவது பட்டாளத்துச் சமையல்கூடத்தில், டீ வாங்க யாரோடு வரிசையில் நின்றார் என்று கேட்டால் திறந்துகொள்ளும், இதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். கண்ணி வெடி தாண்டி ஆற்றைக் கடந்த அந்த ராத்திரியைப் பற்றி மட்டும் நீங்களாகக் கிளறாதீர்கள், அவராகச் சொன்னால் கேளுங்கள். சொல்வதை போனில் பதிவு செய்து வையுங்கள். 'ஆசான்' யார் என்பது அதிலிருந்துதான் வரும்.

பழைய விலாசம் கிடைத்தால் அப்படியே நம்ப வேண்டாம். பின்கோடு வந்ததே 1972-ல்தான். கருங்கல் அன்று விளவங்கோடு தாலுகா, இன்று கிள்ளியூர் தாலுகா.

இனி அலுவலகங்கள். நாகர்கோவிலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அப்பாவையே கூட்டிக்கொண்டு போங்கள், அவர் வந்து நின்றால் பேச்சே வேறு. நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட் ஆபீஸுக்கும் எழுதுங்கள். ஆனால் இன்னொருவர் விலாசத்தைக் கேட்காதீர்கள். அது அவருடைய சொந்த விவரம், தகவல் உரிமைச் சட்டத்தில் போட்டாலும் மறுக்க இடமுண்டு. நண்பருக்கு ஒரு கடிதம் எழுதி உறையில் வைத்து, "ஆள் தெரிந்தால் இதைச் சேர்ப்பித்துவிடுங்கள்" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் உதவ மனம் வரும்.

ஆசான் விஷயத்தில் முக்கியமான ஒன்று. நம்மவர்கள் தேடல் பெரும்பாலும் களியக்காவிளை எல்லையோடு நின்றுவிடுகிறது. 16 மெட்ராஸ் திருவிதாங்கூர் படையிலிருந்து வந்த பட்டாலியன், நம் ஆட்களும் மலையாளிகளும் ஒரே பாரக்கில் படுத்தவர்கள். 1956-ல் எல்லை பிரிந்து நெய்யாற்றின்கரை கேரளாவில் நின்றது, நாகர்கோவில் அலுவலகத்தில் நெய்யாற்றின்கரைக்காரர் பேர் இருக்காது. திருவனந்தபுரத்தில் உள்ள சைனிக் வெல்ஃபேர் ஆபீஸில்தான் கேட்க வேண்டும்.

பென்ஷன்காரர் பட்டியலில் இல்லை என்று யாராவது சொன்னால் இறந்துவிட்டார் என்று முடிவுகட்டாதீர்கள். பென்ஷனுக்குப் பதினைந்து வருட சர்வீஸ் வேண்டும், அதற்கு முன்பே வந்துவிட்டவர்கள் நிறைய. அவர்களைப் பற்றி விசாரிக்க நல்ல இடம் மிலிட்டரி கேன்டீனும், முன்னாள் படைவீரர்கள் வைத்தியத்துக்கு வரும் இசிஹெச்எஸ் கிளினிக்கும், அங்கே வருகிற வயதானவர்களிடம் "16 மெட்ராஸ், இன்ன கம்பெனி, 71" என்று சொன்னாலே போதும், அவர்களுக்குத் தெரியாவிட்டாலும் தெரிந்தவரைக் காட்டிவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் போட்டாலும் இந்த விவரமும் பழைய போட்டோவும் போதும். சர்வீஸ் நம்பர், பென்ஷன் ஆர்டர் நம்பர் இரண்டையும் வெளியே விடாதீர்கள், பென்ஷன் பணத்தைக் குறிவைத்து ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இறந்திருக்கலாம். அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள், அப்பாவிடம் மறைக்காதீர்கள். குடும்பப் பென்ஷன் வாங்கும் மனைவியோ பிள்ளைகளோ இருந்தால் அப்பாவை அந்த வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். தங்கள் அப்பாவை இருபது வயதில் பார்த்த ஒருவர் வாசலில் வந்து நிற்பது அந்தப் பிள்ளைகளுக்குச் சின்ன விஷயம் இல்லை.

கடிதத்தை அப்பா கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள், நடுங்கினாலும் பரவாயில்லை. ஆசானுக்கு எழுதுவதை மலையாளத்திலும் ஒரு பிரதி வையுங்கள். போன் நம்பரை மட்டும் நீங்கள் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள், படிக்கப் போகிறவருக்கும் எண்பது வயதை நெருங்கியிருக்கும்.