ஒரே நாளில் பத்து கிலோ குறையுமா?

கேள்வி: எனக்கு வயது 38. கொளத்தூரில் வசிக்கிறேன். உயரம் 158 செ.மீ., எடை 82 கிலோ. இரண்டு பிரசவமும் சிசேரியன். வயிறு முன்பக்கம் தொங்குகிறது. சர்க்கரையும் எல்லைக்கோட்டில் இருப்பதாக டாக்டர் சொல்கிறார். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் செய்துகொண்டால் ஒரே நாளில் பத்து கிலோ குறையும், மாலையே வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஓர் அழகு சிகிச்சை மையத்தில் கூறினார்கள். கட்டணம் 65,000 ரூபாய், தவணையிலும் கட்டலாமாம். 5,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். இது பாதுகாப்பானதா? எடையும் சர்க்கரையும் குறையுமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை குறையாது, எடையும் நீங்கள் நினைக்கும் அளவுக்குக் குறையாது. நின்றபடி வயிற்றைத் தளர்த்திவிட்டு, தொப்புளுக்குக் கீழே உள்ள சதையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்துப் பாருங்கள். விரல்களுக்கு இடையில் அகப்படுவது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு. லைப்போசக்‌ஷனில் எடுக்க முடிவது அதை மட்டுமே. விரலுக்கு அகப்படாமல் உள்ளே குடலைச் சுற்றிப் படிந்திருக்கும் கொழுப்பை எந்தக் குழாயாலும் உறிஞ்ச முடியாது. சர்க்கரையோடு அதிகம் தொடர்புடையது அந்த உட்கொழுப்புதான். 2004-ல் அமெரிக்காவில் உடல் பருமனான 15 பெண்களுக்கு ஏறத்தாழ பத்து கிலோ கொழுப்பை எடுத்துவிட்டு, சில வாரங்கள் கழித்துப் பரிசோதித்தார்கள். இன்சுலின் வேலை செய்யும் விதத்தில் முன்னேற்றம் எதுவும் இல்லை. அது முழுக் கண்காணிப்போடு நடந்த ஆய்வு. உங்களுக்கு அதே பத்து கிலோவை மாலையே வீட்டுக்கு அனுப்பும் ஒரு மையத்தில் எடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

உறிஞ்சி எடுக்கும் மொத்த அளவு 5 லிட்டரைத் தாண்டினால் அது பெரிய அறுவை சிகிச்சை என்பதும், நோயாளியை இரவு முழுவதும் மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க வேண்டும் என்பதும் எங்கள் பிளாஸ்டிக் சர்ஜரி துறையில் பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. அந்த 5 லிட்டரிலும் ஒரு பங்கு நாங்கள் உள்ளே செலுத்திய திரவமே என்பதால், உண்மையில் வெளியே வரும் கொழுப்பு நான்கு கிலோவைத் தாண்டுவது அரிது.

அந்தத் திரவத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உப்பு நீரில், மரத்துப் போவதற்கு லிக்னோகெயினையும் ரத்தக் கசிவைக் குறைக்க அட்ரினலினையும் கலந்து தோலுக்கு அடியில் நிரப்புகிறோம். பிறகு சில மில்லிமீட்டர் அளவுள்ள துளைகள் வழியாக உலோகக் குழாயைச் செலுத்திக் கொழுப்பை உறிஞ்சுகிறோம். லிக்னோகெயின் ரத்தத்தில் உச்ச அளவை அடைவது அறுவை முடிந்து ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான். அளவு மிஞ்சியிருந்தால் உதடு மரத்துப் போவதும், காது இரைவதும், வலிப்பு வருவதும் அப்போதுதான் தொடங்கும். காலையில் அறுவை செய்து மாலையில் அனுப்பப்பட்டவருக்கு அந்த நேரம் நள்ளிரவு. பக்கத்தில் இருப்பது வீட்டார் மட்டுமே. நுரையீரலில் ரத்தக் கட்டி அடைப்பது, கிருமித் தொற்று ஆகிய ஆபத்துகளும் உண்டு.

உங்களைப் பொறுத்தவரை நான் அதிகம் அஞ்சுவது இன்னொன்றை. குழாயின் முனை அறுவை செய்பவரின் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கை குழாயை முன்னும் பின்னும் ஓட்ட, மற்றொரு கை வயிற்றின் மேலிருந்து தடவித் தடவி அதன் முனை எங்கே இருக்கிறது என்று உணர்கிறது. தொப்புளிலோ சிசேரியன் தழும்பிலோ குடலிறக்கம் இருந்து, அதன் வழியாகக் குடல் தோலுக்கு அருகே வந்திருந்தால், குழாய் குடலைக் குத்திவிடலாம். ஆகவே, அறுவை பற்றிப் பேசுவதற்கு முன்பே உங்கள் வயிற்றுச் சுவரை ஒரு மருத்துவர் கைவைத்துப் பரிசோதித்து ஸ்கேனும் எடுத்திருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு பரிசோதனை நடந்ததாகத் தெரியவில்லை; ஆனால் அட்வான்ஸ் வாங்கிவிட்டார்கள்.

மல்லாந்து படுத்து, தலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். நடு வயிற்றில் மேடு போல் ஏதேனும் எழும்பினால், பிரசவத்தில் விலகிய தசைகள் இன்னும் சேரவில்லை என்று பொருள். கொழுப்பை எடுப்பதால் அது சரியாகாது. தொங்கும் தோலும் அப்படியே. தலையணையிலிருந்து பஞ்சை எடுத்தால் உறை தானாகச் சுருங்கிவிடுமா? அதற்குத் தோலை வெட்டித் தசையை இழுத்துத் தைக்கும் டம்மி டக் என்ற வேறு அறுவை இருக்கிறது. அதையும் எடையைக் குறைத்து நிலைப்படுத்திய பிறகே செய்ய வேண்டும்.

அந்த மையத்தில் உங்களிடம் பேசியவர் யார்? பெரும்பாலும் ‘கவுன்சிலர்’ என்ற பெயரில் ஒருவர் இருப்பார். எத்தனை பேரைச் சேர்த்துவிடுகிறாரோ அதற்கேற்ப அவருக்கு ஊக்கத்தொகை. அவர் படங்களைக் காட்டுவார், ‘இன்று மட்டும் தள்ளுபடி’ என்பார், ஆதார், பான் அட்டைகளை வாங்கிக் கைப்பேசியிலேயே கடனுக்கு விண்ணப்பித்தும் விடுவார். கடன் கொடுப்பது நிதி நிறுவனம். நீங்கள் அறுவையே செய்துகொள்ளாவிட்டாலும் தவணை உங்கள் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கலாம். அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்பதால், 65,000 ரூபாய் பில்லில் 76,700 ஆகும். இதையும் அவர் சொல்லியிருக்க மாட்டார். நோயாளியை அனுப்பிவைப்பதற்காக டாக்டர் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் தடை செய்கின்றன. ‘கவுன்சிலர்’ டாக்டர் இல்லை என்பதால் அந்த விதி அவரைத் தொடுவதில்லை. இந்த ஓட்டையை அடைக்க யாருக்கும் நேரமில்லை.

அறுவை செய்யப்போகிறவரின் பெயரை எழுத்தில் கேளுங்கள். அவர் எம்.சி.ஹெச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா என்பதைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவை வைத்துச் சரிபாருங்கள். ‘காஸ்மெட்டாலஜி’ சான்றிதழ் இதற்கு ஈடாகாது. மயக்க மருந்து நிபுணர் யார், நிலைமை மோசமானால் எந்த மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்வார்கள் என்பதற்கும் பதில் வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் பதிவுச் சான்றிதழ் கட்டடத்துக்கும் வசதிக்கும் உரியது. உங்கள் வயிற்றில் குழாயை ஓட்டுபவரின் பயிற்சிக்கு அது உத்தரவாதம் தராது. மருத்துவ நிலையங்களை முறைப்படுத்தும் நம் மாநிலச் சட்டம் 1997-ல் வந்தது. விதிகள் வகுக்க 2018 வரை ஆயிற்று. இன்றும் யாராவது இறந்த பிறகுதான் சோதனைக்கு ஆட்கள் வருகிறார்கள். அதுவரை கண்காணிக்கும் வேலையை நோயாளியே செய்ய வேண்டியிருக்கிறது. இது முறையே இல்லை.

லைப்போசக்‌ஷனை அழகுக்கானது என்று ஒதுக்கிவிடக் கூடாத ஒரு நிலை உண்டு. இது உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும், படிக்கும் வேறு பெண்களுக்காக எழுதுகிறேன். சிலருக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு கால்களும் ஒரே மாதிரி பருத்திருக்கும், பாதம் மட்டும் மெலிந்தே இருக்கும். கணுக்காலில் வளையம் மாட்டியதுபோல் சதை முடியும், தொட்டால் வலிக்கும், லேசாக இடித்துக்கொண்டாலே கன்றிப்போகும். பட்டினி கிடந்தால் முகமும் மார்பும் இளைக்குமே தவிர, கால்கள் இளைக்காது. இது லிப்பெடீமா என்ற நோய். பலர் ஆண்டுக்கணக்கில் “வாயைக் கட்டும்மா” என்ற ஏச்சை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அழுத்தக் காலுறையும் உடற்பயிற்சியும் போதாதபோது கொழுப்பை உறிஞ்சி எடுப்பது வலியைக் குறைக்கும் சிகிச்சை. ஆனால் லைப்போசக்‌ஷன் என்ற பெயரைப் பார்த்தவுடனே காப்பீட்டு நிறுவனங்கள் கோப்பை மூடிவிடுகின்றன. எனவே அத்தகையவர்கள் நோயின் பெயரையும் சிகிச்சையின் தேவையையும் மருத்துவரிடம் எழுத்தில் வாங்கி, அறுவைக்கு முன்பே அனுமதி கோர வேண்டும். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் பெற வேண்டும்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது இதுதான். கடனுக்கு ஒப்புதல் கொடுத்திருந்தால் இன்றே அந்த நிதி நிறுவனத்துக்கு ரத்து செய்யும்படி மின்னஞ்சல் அனுப்புங்கள். முன்பணத்தைத் திருப்பித் தரும்படி மையத்துக்கும் எழுத்தில் கேளுங்கள்; இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்யலாம். சர்க்கரைக்கும் எடைக்கும் ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். வயிற்றுச் சுவருக்கு ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். எடை நிலைப்பட்ட பிறகும் வயிறு உறுத்தினால், அந்த ஸ்கேனை எடுத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் நேரில் செல்லுங்கள்.