சுயாதீன ஆய்வு அமைப்பு எந்த நெறிகளை முதலில் எழுதி வைக்க வேண்டும்?

வேலூரில் சுற்றுச்சூழல் ஆய்வுக்கென ஒரு சிறிய அமைப்பைத் தொடங்கவிருப்பதாகவும், முதலில் எந்த நெறிகளை எழுதி வைக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாலாற்றங்கரை ஊர்களில் கிணற்று நீர் மாதிரி எடுக்கும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பணம் கொடுத்தவர் யார், எவ்வளவு கொடுத்தார் என்பதை ஒவ்வோர் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள். இதய நோயில் சர்க்கரையின் பங்கைக் குறைத்துக் காட்டிய 1967ஆம் ஆண்டு மருத்துவக் கட்டுரை ஒன்றுக்கு அமெரிக்கச் சர்க்கரைத் தொழில்துறை பணம் கொடுத்திருந்தது 2016இல்தான் வெளிப்பட்டது. தோல் தொழிற்சாலையும் நெல்வயலும் ஒரே ஆற்றை நம்பியிருக்கும் நம் பகுதியில், பணம் தொழிற்சாலையிலிருந்து வந்தாலும் விவசாயிகள் சங்கத்திலிருந்து வந்தாலும் அறிவிப்பு ஒன்றாகவே இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமாக நான் கருதுவது, நீக்கப்பட்ட தரவைப் பற்றிய விதி. நான் பணியாற்றிய ஓர் ஆய்வில், தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் என்ற உலோகம் மிகுந்திருந்த சில கிணறுகளின் அளவீடுகள் இறுதி அறிக்கையில் இடம்பெறவில்லை. கருவிக் கோளாறு என்றார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் அந்தக் காரணம் எங்கும் எழுதப்படவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. எதை நீக்கினீர்கள், ஏன் நீக்கினீர்கள், யார் முடிவு செய்தார் என்பதைப் பின்னிணைப்பில் தந்துவிடுங்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தபோது, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டுவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கையும் எடுத்துக்காட்டியது. உங்கள் எண்ணும் ஒருநாள் நீதிமன்றத்தில் போய் நிற்கலாம்.

பணம் தருபவர் வரைவைப் படித்துக் கருத்துச் சொல்லலாம். வெளியிடுவதைத் தடுக்க இயலாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு முறை வாணியம்பாடிப் பக்கம் ஓர் அம்மா, "எத்தினியோ பேரு வந்து தண்ணிய புடிச்சினு போனாங்கப்பா, என்னா இருக்குதுன்னு ஒருத்தரும் வந்து சொல்லலியே" என்றார். அன்று என்னிடம் பதில் இல்லை. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் படித்துக்காட்டிச் சம்மதம் பெறுவதோடு, அறிக்கை வெளியாகும் முன்பே அவரவர் கிணற்றின் முடிவை அவரவர் கையில் தாளாகக் கொடுங்கள். ஆனால் உரிமையாளர் பெயரையும் சர்வே எண்ணையும் வெளியிடாதீர்கள். நீர் கெட்டது என்று தெரிந்தால் நிலத்தின் விலை விழும், அந்த இழப்பு மாதிரி எடுக்க அனுமதித்தவர் தலையில்தான் விடியும்.